பழைய டீசல் காரில் அழுத்தக் கோளாறு: டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை தேடும் முறை

ஸ்கேனரைச் செருகினால் பி0087 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வருகிறது. ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் பிரித்துக் கொடுக்கும் பொதுக் குழாயில், அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இன்ஜெக்டர் என்பது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம். இதைப் பார்த்ததும் ‘பம்ப் போச்சு’ என்று ஒருவர் சொல்வார், ‘நாலு இன்ஜெக்டரும் போச்சு’ என்று இன்னொருவர் சொல்வார். என் பழைய காரில் இந்தக் கோடு வந்தபோது நான் முதலில் ரெயில் சென்சாரை மாற்றினேன். சரிவரவில்லை என்றதும் பம்பில் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வை மாற்றினேன். மேடு ஏறும்போது கார் முன்பு போலவே திணறியது. கடைசியில் பார்த்தால், ஃபில்டர் மாற்றிய அன்று நானே பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டு மூடியிருக்கிறேன். அதன் வழியாகப் பம்ப் டீசலோடு காற்றையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறேன். டேங்கில் தொடங்கி இன்ஜெக்டரில் முடிப்பது. கோடு எந்தப் பாகத்தைச் சொன்னாலும் இந்த வரிசையை மாற்றுவதில்லை. கோடு சொல்வது எங்கே வலிக்கிறது என்பதை மட்டும்தான்.

அழுத்தம் எங்கே போகிறது

ரெயிலில் இருக்கும் அழுத்தத்தை வரவு செலவுக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பம்ப் உள்ளே தள்ளுவது வரவு. இன்ஜெக்டர் எரிப்பதற்குத் தெளிப்பது நியாயமான செலவு. இன்ஜெக்டரின் ரிட்டர்ன் (மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) வழியாகவும், தேய்ந்த வால்வு வழியாகவும் நழுவுவது வீண் செலவு. அழுத்தம் குறைந்தால் வரவு குறைந்திருக்க வேண்டும், அல்லது வீண் செலவு கூடியிருக்க வேண்டும். மூன்றாவது ஒன்றும் உண்டு: கணக்கு எழுதுகிற சென்சார் தப்பாக எழுதுகிறது. இந்த மூன்றில் எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் காரில் எந்த முறை இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார்களில் காமன் ரெயில் 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாக வந்தது. அதற்கு முந்தைய கார்களிலும், பிறகு சில ஆண்டுகள் வந்த பலவற்றிலும், போஷ் விஇ போன்ற சுழல் பம்புகளோ வரிசைப் பம்புகளோ இருக்கும். பம்பிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனி இரும்புக் குழாய் நேராகப் போனால் அது பழைய இயந்திர முறை. எல்லாக் குழாய்களும் ஒரு தடித்த பொதுக் குழாயிலிருந்து பிரிந்தால் காமன் ரெயில். இரண்டுக்கும் டேங்க் பக்கத்துச் சோதனைகள் ஒன்றே. அழுத்தம் ஏறிய பிறகு எல்லாமே வேறு.

கை வைப்பதற்கு முன்

காமன் ரெயிலில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போதே அழுத்தம் 250 முதல் 350 பார் (அழுத்தத்தின் அலகு) வரை இருக்கும். முழு வேகத்தில் முதல் தலைமுறையில் 1350 பார், அடுத்ததில் 1600 பார் வரை போகும். தோலைத் துளைக்க இதில் சிறு பங்கே போதும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். வலிகூட உடனே இருக்காது. ஆனால் உள்ளே போன டீசல் சதையை அழுகச் செய்துவிடும். அப்படி நடந்தால் கழுவித் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே பாய்ந்தது என்று தெளிவாகச் சொல்லுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.

கசிவைத் தேட விரலைக் கொண்டுபோக வேண்டாம், நீளமான அட்டைத் துண்டைக் காட்டுங்கள். பழைய இயந்திரப் பம்பில் எஞ்சின் ஓடும்போதே நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கிற பழக்கம் பலருக்குக் கையோடு ஊறியது. காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. எஞ்சினை நிறுத்தி, சில நிமிடங்கள் விட்டு, ஸ்கேனரில் அழுத்தம் இறங்கியதைப் பார்த்த பிறகே ஸ்பேனர் வையுங்கள். இன்ஜெக்டர் கனெக்டரிலும் ஓடும்போது கை வேண்டாம். அங்கே 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் இருக்கும்.

அப்புறம் சுத்தம். பம்புக்குள் உரசும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான். கழற்றும் இடத்தை முதலில் கழுவித் துடைத்து, கழற்றியதும் மூடி போட்டுவிட வேண்டும். நூல் உதிரும் பழைய துணி வேண்டாம்.

கார் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

கருவி எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் காரோடு செலவழியுங்கள். எப்போது கோளாறு வருகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஐடிலில் ஒழுங்காக நின்று, மேட்டிலோ முந்தும்போதோ மட்டும் சக்தி விழுந்தால், வரவு போதவில்லை. ஃபில்டர், டேங்க் வடிகட்டி, டேங்கிலிருந்து டீசலை அனுப்பும் ஃபீட் பம்ப் ஆகியவை முதல் சந்தேகம். இரவு முழுக்க நின்ற பிறகு நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, அதன் பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை என்றால், நிற்கும்போது டீசல் டேங்குக்குத் திரும்பி வடிந்துவிடுகிறது. எங்கோ காற்று நுழைகிறது. காரைச் சரிவில் ஒரு நாள் முன்பக்கம் மேலாகவும் மறுநாள் கீழாகவும் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் சந்தேகம் உறுதி.

இதற்கு நேர் எதிரானது, குளிரில் உடனே ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாத கார். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த இடைவெளிகளில் அது இன்னும் எளிதாக நழுவும். இன்ஜெக்டர் அல்லது பம்பின் உள் தேய்மானம் என்று இதைக் கேட்டவுடனேயே சொல்லிவிடலாம், பெரும்பாலும் தப்பாது.

ஐடில் ஏறி இறங்கி ஊசலாடுவதும், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் எஞ்சின் அணைந்துவிடுவதும் ஒட்டிக்கொள்ளும் கட்டுப்பாட்டு வால்வின் குணம்.

முதல் படி: பேட்டரி, டீசல், டேங்க் மூடி

சிரிக்காதீர்கள், பேட்டரிதான் முதல். ஸ்டார்ட் ஆக ரெயிலில் பெரும்பாலும் 150 முதல் 250 பார் வரை சேர வேண்டும். அது சேராமல் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் பம்பும் சோம்பலாகத்தான் சுற்றும். எஞ்சின் சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 200 சுற்றுக்குக் கீழே போனால், அழுத்தத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் பேட்டரியையும் எர்த் இணைப்பையும் பாருங்கள்.

ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். கறுப்பாக, சளி போல மிதந்தால் டேங்கில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் அதே கதை திரும்பும், டேங்கையே கழுவ வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால் எஞ்சினை இனிமேல் சுற்றவே வேண்டாம். பம்புக்கு டீசல்தான் எண்ணெய், பெட்ரோல் அந்த வழவழப்பை எடுத்துவிடும்.

டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: டேங்கிலிருந்து பம்ப் வரை

அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும். பலர் அதிகம் அவசரப்படுவதும் இங்கேதான்.

ஃபில்டருக்கும் உயர் அழுத்தப் பம்புக்கும் நடுவில் ஒரு முழம் ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸைப் பொருத்துங்கள். எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முதலில் சில குமிழிகள் வருவது இயல்பு. பத்து நிமிடம் கழித்தும் குமிழி ஓடிக்கொண்டே இருந்தால் காற்று நுழைகிறது. இப்போது ஹோஸை ஒவ்வொரு இணைப்பாக டேங்க் பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். குமிழி நின்றுபோகும் இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. உறிஞ்சும் பக்கத்தில் டீசல் வெளியே சொட்ட வேண்டும் என்பதில்லை. வெற்றிடம் காற்றை உள்ளே இழுக்குமே தவிர டீசலை வெளியே விடாது. ‘எங்கேயும் கசிவு இல்லை, உலர்ந்திருக்கிறது’ என்று ஏமாறுவது இதனால்தான்.

வழக்கமான குற்றவாளிகள்: ஃபில்டர் மூடியின் ஓ-ரிங், தண்ணீர் சென்சாரின் வாஷர், டீசலை ஏற்றக் கையால் அமுக்கும் ப்ரைமர், டீசல் ஹீட்டரின் இணைப்பு, பிளாஸ்டிக் க்விக் கனெக்டருக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையங்கள். பழைய நைட்ரைல் ரப்பர் காலப்போக்கில் இறுகிவிடும். கந்தகம் குறைந்த டீசலுக்கும் பயோடீசல் கலப்புக்கும் மாறும்போது இந்த வளையங்கள் சுருங்கவோ ஊதவோ செய்யும். மாற்றும்போது விட்டான் வகை ரப்பர் கிடைத்தால் அதையே போடுங்கள். பயோடீசல் டேங்கில் பல வருடம் படிந்திருந்த அழுக்கையும் கரைத்துக்கொண்டு வரும், அதனால் முதல் சில டேங்குக்குள் ஃபில்டர் அடைத்துக்கொள்வது சகஜம்.

காற்று இல்லை என்றால் அடைப்பைத் தேடுங்கள். டேங்கில் மின் பம்ப் இருக்கும் கார்களில் அழுத்தமானியை இணைத்தால் பொதுவாக 3 முதல் 5 பார் இருக்க வேண்டும். சரியான எண் உங்கள் காரின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். ஐடிலில் எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள், எஞ்சினை ரேஸ் செய்து பாருங்கள். விழுகிறதா என்பதுதான் கேள்வி. மின் பம்ப் இல்லாத, உறிஞ்சும் வகைக் கார்களில் வெற்றிடமானியை ஃபில்டருக்கு முன்னும் பின்னும் வைத்து ஒப்பிடுங்கள். பின்னால் மட்டும் வெற்றிடம் கூடினால் ஃபில்டர் அடைப்பு. முன்னாலேயே கூடியிருந்தால் டேங்க் வடிகட்டியோ நசுங்கிய குழாயோ.

இத்தனைக்கும் பொறுமை இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சுத்தமான கேன் ஒன்றில் நல்ல டீசல் எடுத்து, புது ஃபில்டர் வழியாக நேராகப் பம்புக்குக் கொடுங்கள். மின் பம்ப் இருக்கும் காராக இருந்தால் கேனுக்கும் அதே அழுத்தம் தரும் பம்ப் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரிட்டர்னையும் கேனுக்கே திருப்புங்கள். கோளாறு மறைந்தால் பம்பையும் இன்ஜெக்டரையும் மறந்துவிடலாம். மறையவில்லையென்றால் டேங்க் பக்கத்தை மறந்துவிடலாம். அரை மணி நேரத்தில் பாதிக் காரை விடுவித்துவிடும் சோதனை இது. கேனை எஞ்சின் சூட்டுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாமல் கட்டி வையுங்கள்.

மூன்றாம் படி: பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள்

கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, தாள் மடிப்பை விரித்து வெயிலில் காட்டுங்கள். கறுப்பு அழுக்கு இருந்தால் பயமில்லை. மினுமினுப்பாக உலோகத் துகள் தெரிந்தால் கதை வேறு. துகள் ரிட்டர்ன் வழியாகத் திரும்பி வந்திருக்கலாம், எனவே பம்பின் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றி அதன் முனையிலும் பாருங்கள். அங்கேயும் மினுமினுத்தால் பம்ப் தன்னையே தின்றுகொண்டிருக்கிறது. அந்த நிலையில் பம்பை மட்டும் மாற்றுவது வீண். குழாய், ரெயில், டேங்க் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, இன்ஜெக்டர்களைச் சோதனை மேசையில் பார்க்காமல் புதுப் பம்பைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

நான்காம் படி: ஸ்கேனரில் இரண்டு எண்கள்

இனி காமன் ரெயில் கார்களுக்கு. ஸ்கேனரில் இரண்டு மதிப்புகளை ஒன்றாகத் திறந்து வையுங்கள்: கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் அழுத்தம், உண்மையில் இருக்கும் அழுத்தம். கூடவே கட்டுப்பாட்டு வால்வுக்குப் போகும் கட்டளையையும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சென்சாரைச் சோதியுங்கள். அரை மணி நேரம் நின்ற காரில் சாவியை மட்டும் போட்டால் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 5 வோல்ட் மின்சாரம் வாங்கும் சென்சாரில் அது சுமார் 0.5 வோல்ட்டாகத் தெரியும். எஞ்சின் தூங்கும்போதே 60, 70 பார் என்று காட்டினால் சென்சாரோ வயரோ பொய் சொல்கிறது. இதில் ஒரு விஷமம் இருக்கிறது. சென்சார் கூட்டிச் சொன்னால், கம்ப்யூட்டர் அதை நம்பி உண்மையான அழுத்தத்தைக் குறைத்துவிடும். திரையில் இரண்டு எண்ணும் அழகாகப் பொருந்தும், கார் மட்டும் இழுக்காது.

சென்சார் சரி என்றால் ஓட்டிப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கேட்பது 1200, இருப்பது 800, வால்வோ முழுதாகத் திறக்கச் சொல்லிக் கட்டளை வாங்கிக்கொண்டிருக்கிறது என்றால், வரவு இல்லை அல்லது வீண் செலவு மிகுதி. வால்வுக்குப் போகும் கட்டளை நிதானமாக இருந்தும் அழுத்தம் மேலும் கீழும் அலைந்தால் வால்வு ஒட்டிக்கொள்கிறது. பி0088, அதாவது அழுத்தம் அதிகம் என்ற கோடும் சேர்ந்து வந்தால் வால்வின் மேல் சந்தேகம் கூடும், அடைத்த ரிட்டர்ன் குழாயையும் பார்க்கலாம்.

ஓடும் எஞ்சினில் வால்வின் கனெக்டரைப் பிடுங்கிப் பார்ப்பதைச் சிலர் சோதனை என்கிறார்கள். சில வால்வுகள் மின்சாரம் போனால் முழுதாகத் திறக்கும், சில மூடிக்கொள்ளும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் செய்வதில் பயன் இல்லை.

ஐந்தாம் படி: ரிட்டர்ன் சோதனை

ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவு பாட்டில்களில் ஒளி ஊடுருவும் குழாய் வழியாக விடுங்கள். காரின் ரிட்டர்ன் லைனில் திறந்து கிடக்கும் முனையை அடைக்க மறக்காதீர்கள், பம்பிலிருந்து வரும் ரிட்டர்ன் அந்த வழியாகப் பீய்ச்சும். சூடான எஞ்சினை சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிடுங்கள். நான்கு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

நான்கும் சமமாக, ஆனால் அதிகமாகக் கசிந்தால் ஒப்பிட்டுப் பயனில்லை, கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். ஸ்டார்ட்டே ஆகாத காரில் செல்ஃப் அடிக்கும்போதே பாருங்கள். நல்ல இன்ஜெக்டர் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே ரிட்டர்ன் விடாது.

பீசோ வகை (மின்சாரம் பட்டால் நீளும் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டர் இருந்தால் இந்தச் சோதனையை இப்படிச் செய்ய வேண்டாம். பல பீசோ இன்ஜெக்டர்கள் ரிட்டர்ன் லைனில் ஓர் எதிரழுத்தம் இருந்தால்தான் வேலை செய்யும். குழாயைத் திறந்துவிட்டால் நல்லதும் கெட்டதாகத் தெரியும்.

டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் பற்றிக் கேட்பார்கள். நாசில் நுனியில் படிந்த கரியை அது கொஞ்சம் தளர்த்தலாம். தேய்ந்த வால்வு இருக்கையை, அதாவது வால்வு அமர்ந்து மூடும் இடத்தை, அது வளர்க்காது.

ஆறாம் படி: ரெயில் வால்வும் பம்பும்

ரெயிலின் முனையில் அழுத்த வரம்பு வால்வோ (அழுத்தம் மிஞ்சினால் மட்டும் திறப்பது) கட்டுப்பாட்டு வால்வோ இருந்தால், அதன் ரிட்டர்ன் குழாயையும் தனியாகப் பாட்டிலில் விடுங்கள். வெறும் வரம்பு வால்வு சாதாரண ஓட்டத்தில் சொட்டக்கூட கூடாது. கட்டுப்பாட்டு வால்வு செல்ஃப் அடிக்கும்போது தாராளமாக ஊற்றினால், அதன் இருக்கை தேய்ந்திருக்கிறது அல்லது மின்சாரம் வரவில்லை. அது மின்சாரம் இல்லாமல் வெறும் ஸ்ப்ரிங்கால் பிடிக்கும் அழுத்தம் ஸ்டார்ட் ஆகப் போதாது, எனவே வயரையும் பாருங்கள்.

இத்தனையும் நன்றாக இருந்து, டேங்க் பக்கமும் நன்றாக இருந்தால், மிச்சம் இருப்பது பம்ப்தான். ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் வாய்களை அதற்கென்றே செய்த எஃகு மூடிகளால் அடைத்து, சில நொடி மட்டும் செல்ஃப் அடித்தால் பம்ப் தனியாக எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரியும். இதைச் சரியான மூடிகளும் பழகிய கையும் இருக்கும் இடத்தில் செய்யச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைக்கிற வேலை இல்லை இது.

பழைய இயந்திரப் பம்ப் காராக இருந்தால்

இங்கே ஸ்கேனர் இல்லை, காதும் மூக்கும்தான். சாவி போட்டதும் பம்பின் மேலிருக்கும் ஸ்டாப் சோலினாய்டு (டீசலைத் திறந்து மூடும் மின் வால்வு) ‘டக்’ என்று சத்தம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராமல் போன ஒரு வயருக்காகப் பம்பையே இறக்கியவர்கள் உண்டு.

துணி நெய்த ரப்பர் ரிட்டர்ன் ஹோஸ்கள் வெடித்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். விஇ பம்பில் ரிட்டர்ன் போல்ட்டின் உள்ளே ஒரு நுண்துளை இருக்கும். தலையில் ‘அவுட்’ என்று எழுதியிருக்கும். கழற்றி மாட்டும்போது அது இன்லெட் போல்ட்டோடு இடம் மாறினால் பம்பின் உள் அழுத்தம் கெட்டுவிடும். உள் அழுத்தம்தான் டைமிங்கை, அதாவது டீசல் தெளிக்கும் நேரத்தை, முன்னே தள்ளுகிறது. அது குறைந்தால் வெள்ளைப் புகையும் மந்தமான இழுவையும் வரும், எல்லோரும் இன்ஜெக்டரைத் திட்டுவார்கள்.

எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் என்று பார்க்க, ஐடிலில் ஒவ்வொரு நட்டாகக் கால் சுற்றுத் தளர்த்தலாம். இந்த வகையில் மட்டுமே அது நடக்கும், அதுவும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, விரலை நட்டுக்கு நேரே வைக்காமல். சத்தம் மாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. அதன் இன்ஜெக்டரைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறு இன்ஜெக்டரோடு நகர்ந்தால் இன்ஜெக்டர். அங்கேயே நின்றால் கம்ப்ரஷனைப் பாருங்கள்.

இன்ஜெக்டரைச் சோதனைப் பம்பில் வைத்தால், டீசலை முதலில் ஒரு சிறு அறையில் தெளிக்கும் முன் அறை வகை எஞ்சின்களில் 115 முதல் 150 பாருக்குள் திறக்கும். நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நேரடி வகையில் அதைவிட அதிகம். திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே பத்து நொடி பிடித்தால் நுனியில் சொட்டு விழக் கூடாது. அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் உள்ளே இருக்கும் ஷிம்மை (மெல்லிய தகட்டை) மாற்றலாம். 0.05 மில்லிமீட்டர் கூட்டினால் இன்ஜெக்டரைப் பொறுத்து 3 முதல் 5 பார் ஏறும். சொட்டினால் ஷிம் உதவாது, நாசிலை மாற்ற வேண்டும். திரும்பப் போடும்போது செம்பு வாஷரும் வெப்ப வாஷரும் புதிதாக இருக்கட்டும்.

சூட்டில் ஸ்டார்ட் ஆகாத விஇ பம்புக்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. எஞ்சின் நின்றிருக்கும்போது பம்பின் தலைப்பகுதியில் ஈரத் துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். அப்புறம் உடனே ஸ்டார்ட் ஆனால் பம்பில் அழுத்தம் ஏற்றும் பாகங்களான ஹெட்டும் பிளஞ்சரும் தேய்ந்துவிட்டன. சூடான பம்பில் வாளித் தண்ணீரை ஊற்ற வேண்டாம், ஓடும் பம்பில் ஊற்றினால் உள்ளே இறுகிப்போகும் ஆபத்து உண்டு.

திரும்ப மாட்டும்போது

புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து நேராக டீசல் ஊற்றி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த டீசல் வடிகட்டிய பக்கத்தில் விழுந்தால், வடிகட்டாத டீசலை நீங்களே பம்புக்கு ஊட்டுகிறீர்கள். ப்ரைமர் இருந்தால் அது கல்லாக இறுகும் வரை அமுக்குங்கள். மின் பம்ப் இருந்தால் சாவியை ஐந்தாறு முறை போட்டு நிறுத்துங்கள். செல்ஃபை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். காற்றோடு வறண்டு சுற்றும் ஒவ்வொரு நொடியும் பம்புக்குத் தேய்மானம். உயர் அழுத்தக் குழாய்களைப் பல தயாரிப்பாளர்கள் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த அனுமதிப்பதில்லை, கையேட்டைப் பார்த்து மாற்றி, சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு முன்பு திணறிய அதே மேட்டில், அதே சுமையோடு ஓட்டி, இரண்டு எண்களையும் மறுபடி பதிவு செய்யுங்கள். திரும்பி வந்ததும் ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, மட்டத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில நாட்களில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறினால், பம்பின் ஷாஃப்ட் சீல் வழியாகவோ சொட்டும் இன்ஜெக்டர் வழியாகவோ டீசல் ஆயிலில் கலக்கிறது. அதைச் சரிசெய்து ஆயிலை மாற்றும் வரை காரை எடுக்க வேண்டாம்.